நான்கு நாளில் டெல்லி: வயது வரிசையில் ஒரு சுற்று

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். பிப்ரவரியில் மதுரையிலிருந்து டெல்லி வருகிறீர்கள். புதன் காலை இறங்கி, சனி இரவு விமானத்தில் திரும்புகிறீர்கள். உடன் வயதான அப்பா, மூட்டுவலி உள்ள அம்மா, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள். பார்க்க வேண்டிய இடங்கள் என்ன, நடுவில் ஒரு நாள் ஆக்ரா போய்விட்டு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஆக்ரா. வேண்டாம். போக வர மட்டும் ஏழெட்டு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு அது தண்டனை. அதிலும் தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆக்ராவை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளும் டெல்லிக்கே கொடுங்கள், அது போதாமல்தான் இருக்கும்.

அடுத்தது, எப்படிப் பார்ப்பது. இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறேன். ஊரிலிருந்து வந்த உறவினர்கள் பலரை அழைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். ஆரம்பத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு காரை நாள் வாடகைக்குப் பிடித்து, காலையில் செங்கோட்டை, அப்புறம் இந்தியா கேட், மதியம் குதுப் மினார், மாலையில் தாமரைக் கோயில், இரவு அக்ஷர்தாம். ஊர் திரும்பியதும் அவர்களுக்கு எது எங்கே இருந்தது, யார் கட்டியது என்று ஒன்றுமே நினைவில் நிற்கவில்லை. சிவப்புக் கல்லும் கால்வலியும்தான் மிஞ்சியது. அதற்கப்புறம்தான் வேறு மாதிரி முயன்றேன். டெல்லி என்பது ஒரே ஊர் இல்லை. ஒவ்வொரு அரசும் பழைய ஊரை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டது. அதனால் எது பக்கம் எது தூரம் என்று பார்க்காமல், எது மூத்தது எது இளையது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு டெல்லி. இந்த வரிசையில் போனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் கதை தானாகவே புரிந்துவிடும்.

உங்கள் தேதிகளும் இதற்குத் தோதாக அமைந்திருக்கின்றன. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாம் திங்கட்கிழமை மூடியிருக்கும். உங்களுக்குத் திங்கள் வரவே இல்லை. வியாழன் மாலை நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி பாடும் நேரம், அதுவும் சரியாக மாட்டுகிறது.

புதன்: மெஹ்ரோலி. தெற்கு ஓரத்தில் இருக்கும் மூத்த டெல்லி. குதுப் மினாருக்கு மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் அதே பெயரில் நிலையம் உண்டு. இறங்கி ஆட்டோவோ ஈ-ரிக்‌ஷாவோ பிடித்துக்கொள்ளலாம். கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 73 மீட்டர். குத்புதீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் முடித்தார். பின்னால் 1368 வாக்கில் இடி விழுந்து உடைந்த மேல் பகுதியை ஃபிரோஸ் ஷா துக்ளக் திரும்பக் கட்டினார். கீழே நின்று பார்த்தாலே மேல் இரண்டு அடுக்குகளில் வெள்ளைப் பளிங்கு கலந்திருப்பது தெரியும். உள்ளே படியேற விடமாட்டார்கள். 1981-ல் படிக்கட்டில் நெரிசலாகி 45 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். அன்று மூடியதுதான்.

எல்லாரும் கோபுரத்தோடு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே நான் அதிக நேரம் நிற்பது இரும்புத் தூணுக்கு முன்னால்தான். ஏழு மீட்டருக்குச் சற்று அதிக உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, வயது சுமார் 1600 ஆண்டு. இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாக இருப்பதால் மேலே ஒரு மெல்லிய படலம் உருவாகி, துரு உள்ளே இறங்காமல் காக்கிறது என்று உலோகவியல் ஆய்வுகள் சொல்கின்றன. தூணில் குப்தர் காலத்து பிராமி எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு உண்டு. சந்திரன் என்ற அரசனைப் புகழ்கிறது. அவன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதில் ஒரு வரி, அவனுடைய வீரத்தின் காற்றால் தென்கடல் இன்னும் மணக்கிறது என்று சொல்கிறது. தென்கடற்கரைக்காரர்கள் நாம் அந்த வரிக்கு எதிரில் நின்று அதைக் கேட்பது எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு.

தூண் நிற்கும் முற்றம் டெல்லியின் முதல் பெரிய மசூதி. சுற்றியுள்ள தூண்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், சங்கிலியில் தொங்கும் மணியும் பூரண கும்பமும் செதுக்கியிருக்கும். 27 கோயில்களின் கற்கள் இதில் சேர்ந்திருப்பதாகக் கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது. மகளுக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்படியே தெற்கே அலாய் தர்வாசாவுக்கு வாருங்கள். அலாவுதீன் கில்ஜி கட்டிய வாசல், ஆண்டு 1311. அவருடைய தளபதி மாலிக் காபூரின் படை மதுரைவரை வந்து பெரும் செல்வத்தோடு டெல்லி திரும்பியதும் அதே 1311-ல்தான். மதுரைக்காரர்கள் அந்த வாசலுக்கடியில் நிற்கும்போது இதைத் தெரிந்து நிற்பது நல்லது. வடக்குப் பக்கம் கரடுமுரடான ஒரு மொட்டைக் கோபுரம் இருக்கும், அலாய் மினார். குதுப்பைப்போல் இரண்டு மடங்கு எழுப்ப அலாவுதீன் ஆசைப்பட்டார். முதல் அடுக்கிலேயே நின்றுவிட்டது. 1316-ல் அவர் இறந்த பிறகு யாரும் தொடவில்லை.

பக்கத்திலேயே மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா, கட்டணம் இல்லை. மரங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான வருடத்துக் கட்டடங்கள் சிதறிக் கிடக்கும். எல்லாம் வேண்டாம், ராஜோன் கீ பாவோலி என்ற படிக்கிணறும் ஜமாலி கமாலியும் போதும். அம்மா ஒரு மரத்தடியில் உட்காரட்டும், அப்பா துணைக்கு இருக்கட்டும். நீங்களும் மகளும் படிக்கிணறுவரை நடந்துவிட்டு வாருங்கள். ஜமாலி ஒரு சூஃபிக் கவிஞர். அவர் கல்லறை அறையின் கூரையில் சிவப்பும் நீலமுமாகச் சுதை வேலைப்பாடு, ஐந்நூறு வருடம் ஆகியும் நிறம் மங்கவில்லை. பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள், பெரும்பாலும் திறந்து காட்டுவார்.

தெம்பு இருந்தால் மெஹ்ரோலிச் சந்துக்குள் ஜஃபர் மஹால். அரண்மனை என்று பெயர், இப்போது பாதி இடிந்து கிடக்கிறது. அங்கே பளிங்கு வேலிக்குள் சில கல்லறைகளும் நடுவில் ஒரு காலி இடமும் இருக்கும். கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜஃபர் தனக்கென்று ஒதுக்கி வைத்த இடம். அவரை அங்கே புதைக்கவில்லை. அந்தக் காலி இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவரை மறுபடியும் சந்திப்போம்.

வியாழன்: நிஜாமுதீன். காலையில் ஹுமாயூன் கல்லறை. வாசலில் நுழைந்ததும் நேராக ஓடாமல் வலப்பக்கம் ஈசா கான் கல்லறைக்குத் திரும்புங்கள். எண்கோண வடிவம், 1547-ல் கட்டியது, ஹுமாயூன் கல்லறையைவிட மூத்தது. அதைப் பார்த்துவிட்டுப் பெரியதற்கு வந்தால், இடைப்பட்ட இருபது சொச்சம் ஆண்டில் கட்டடக் கலை எவ்வளவு பெரிய தாவல் தாவியது என்று கண்ணுக்கே தெரியும். ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் கட்டுவித்தது, 1572 வாக்கில் முடிந்தது. பாரசீகத்திலிருந்து வந்த மீராக் மிர்சா கியாஸ்தான் வடிவமைத்தவர். தாஜ்மகாலுக்கு இதுவே முன்மாதிரி. அதனால்தான் ஆக்ரா போகாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். இங்கே கூட்டம் குறைவு, நீர்வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். மேல்தளத்துக்கு ஏறும் படிகள் மட்டும் உயரமானவை. அம்மா கீழேயே தோட்டத்தில் இருக்கட்டும், அங்கிருந்து தெரியும் தோற்றம்தான் அழகு.

ஜஃபரை இங்கே சந்திக்கிறோம். 1857 செப்டம்பரில் டெல்லி ஆங்கிலேயர் கையில் விழுந்ததும், எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கவிஞர் தன் மூதாதையின் கல்லறையில் வந்து ஒளிந்தார். ஹாட்சன் என்ற அதிகாரியிடம் இங்கேதான் சரணடைந்தார்.

மதியம் எதிரில் சுந்தர் நர்சரி. பெயரைப் பார்த்துச் செடி விற்கும் இடம் என்று நினைக்க வேண்டாம், 90 ஏக்கர் பூங்கா. மகள் ஓடி விளையாடட்டும், பெரியவர்கள் வெயிலில் காலை நீட்டிக்கொள்ளட்டும். பிப்ரவரி வெயில் டெல்லியில் ஒரு வரம். அந்த மாதக் கடைசியில் வந்தால் இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்புப் பூவாக நிற்கும்.

சாயங்காலம் நிஜாமுதீன் தர்கா. வழி குறுகல், கூட்டம், பூக்கடைக்காரர்கள் செருப்பை இங்கே விடுங்கள் என்று கூப்பிடுவார்கள். சலிக்காமல் உள்ளே போங்கள். தலையை மூடத் துணி வேண்டும். உள் சன்னிதிக்குள் பெண்கள் போக முடியாது, வெளி முற்றத்தில் உட்காரலாம். அம்மாவுக்கும் மகளுக்கும் இதை முன்பே சொல்லிவிடுங்கள். நிஜாமுதீன் ஔலியா, அவருடைய சீடரும் கவிஞருமான அமீர் குஸ்ரோ, இருவரும் 1325-ல் ஒரே ஆண்டில் இறந்தவர்கள், சில அடி தூரத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். குஸ்ரோவின் பாட்டுகளை எழுநூறு ஆண்டு கழித்து அவர் கல்லறைக்கு எதிரிலேயே உட்கார்ந்து பாடுகிறார்கள். மொழி புரியாவிட்டாலும் கைதட்டும் தாளம் பிடித்துக்கொள்ளும். நீங்கள் வரும் வாரம் வசந்த பஞ்சமியாக இருந்தால் தர்கா முழுக்க மஞ்சள் பூவும் மஞ்சள் துணியுமாக இருக்கும், அது இங்கே பழைய வழக்கம்.

அதே முற்றத்தில் ஷாஜகானின் மகள் ஜஹானாராவின் கல்லறை. மேலே கூரை கிடையாது, மூடுகல்லின் நடுவில் மண்ணும் புல்லும்தான். பசும்புல்லே எனக்குப் போர்வையாக இருக்கட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டது தலைமாட்டுக் கல்லில் பாரசீகத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பெண் திட்டமிட்ட கடைவீதிக்குத்தான் நாளைக்குப் போகிறீர்கள்.

வெள்ளி: பழைய டெல்லி. ஷாஜகான் 1639-ல் ஆக்ராவை விட்டுவிட்டு இங்கே கட்டிய தலைநகர். காலையில் முதல் ஆளாகச் செங்கோட்டை. லால் கிலா மெட்ரோ நிலையம் பக்கம். கோட்டை 1648-ல் முடிந்தது. வெளிமதிலைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் வரும், இவ்வளவு பெரிய கோட்டையில் கட்டடம் இவ்வளவுதானா என்று. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் உள்ளிருந்த அரண்மனைகளில் பெரும் பகுதியை இடித்துவிட்டுப் படைவீடு கட்டினார்கள். மயிலாசனத்தை அதற்கும் முன்பே 1739-ல் பாரசீக அரசர் நாதிர் ஷா கொண்டுபோய்விட்டார். இதைத் தெரிந்துகொண்டு போனால் மிச்சமிருக்கும் திவான்-ஈ-காஸ் மண்டபத்தின் முன்னால் வேறு மாதிரி நிற்பீர்கள். தன் முன்னோர்கள் கொலுவிருந்த அதே மண்டபத்தில்தான் 1858-ல் ஜஃபரைக் கைதியாக நிறுத்தி விசாரித்தார்கள். ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1862-ல் அங்கேயே இறந்தார். மெஹ்ரோலியின் காலி இடம் காலியாகவே இருக்கிறது.

இதே கோட்டையில் 1945 நவம்பரில் இந்திய தேசிய ராணுவத்தின் வீரர்கள் மீது வழக்கு நடந்தது. பல வருடமாகப் போடாத வக்கீல் அங்கியைப் போட்டுக்கொண்டு நேருவே அவர்களுக்காக வந்தார். அந்த ராணுவத்தில் மலேயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்திருந்தார்கள். கோட்டைக்குள் நேதாஜி அருங்காட்சியகம் இருக்கிறது. அப்பாவுக்கு நிச்சயம் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

வெளியே வந்ததும் எதிரில் சாந்தினி சௌக். பகலில் முக்கியத் தெருவில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. அப்பா அம்மாவைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிவிடுங்கள், ஏறும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சமணர் கோயில், அதை அடுத்துப் பறவைகளுக்கான தர்ம ஆஸ்பத்திரி, கௌரி சங்கர் கோயில், சீஸ் கஞ்ச் குருத்வாரா, தெருக் கடைசியில் ஃபதேபுரி மசூதி, எல்லாம் ஒரே நேர்கோட்டில். சீஸ் கஞ்ச் இருக்கும் இடத்தில்தான் 1675-ல் குரு தேக் பகதூரின் தலையைக் கொய்தார்கள். உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். மசூதிக்கு அந்தப் பக்கம் காரி பாவோலி, மசாலா மொத்தச் சந்தை. மிளகாய் மூட்டைகளின் நெடியில் தும்மல் நிற்காது, கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாதாமும் கசகசாவும் ஊருக்கு வாங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: தௌலத் கீ சாட். சாட் என்று பெயர் இருந்தாலும் காரம் கிடையாது. பாலைக் கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூவும் பிஸ்தாவும். குளிர்காலத்தில் மட்டும்தான் விற்பார்கள். வெயில் ஏறினால் கரைந்துவிடும். நீங்கள் வரும்போது கிடைக்கும். பராட்டா சந்து பெயர் பெற்றது, எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள், வயதானவர்களுக்கு ஒன்று போதும்.

ஜமா மசூதியைப் பிற்பகலுக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். 1656-ல் முடிந்தது. 25,000 பேர் தொழக்கூடிய முற்றம். அங்கேயும் படிகள் அதிகம், அம்மாவை வற்புறுத்த வேண்டாம்.

சனி: புது டெல்லி. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தார், 1931-ல் திறப்பு விழா நடந்தது. இந்தியா கேட்டிலிருந்து கர்த்தவ்ய பாதையில் குடியரசுத் தலைவர் மாளிகையை நோக்கிப் போகும்போது மகளை ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள். தூரத்தில் முழுசாகத் தெரியும் மாளிகை, கிட்டே போகப் போக மேட்டுக்குப் பின்னால் அமிழ்ந்து, விஜய் சௌக்கில் குவிமாடம் மட்டும்தான் எட்டிப் பார்க்கும். சாலைச் சரிவை வைத்து வந்த தவறு. இதனால் கட்டடக் கலைஞர்கள் லட்யன்ஸுக்கும் பேக்கருக்கும் பல வருடம் பேச்சுவார்த்தையே கெட்டுப்போனது. பிப்ரவரியில் வழக்கமாக மாளிகைத் தோட்டம், இப்போது அம்ருத் உத்யான், மக்களுக்குத் திறப்பார்கள். இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு காலை முதல் நேரத்தில் போய்விடுங்கள். 340 அறைகள் கொண்ட அந்த வீட்டில் குடியேறிய முதல் இந்தியர் நம் ராஜாஜி. வைஸ்ராயின் ஆடம்பர அறைகள் தனக்கு வேண்டாம் என்று சில சிறிய அறைகளில் இருந்துகொண்டார். இன்றுவரை குடியரசுத் தலைவர்கள் இருப்பது அந்தப் பகுதியில்தான். வைஸ்ராயின் அறைகள் விருந்தினர்களுக்குப் போய்விட்டன.

அங்கிருந்து காந்தி ஸ்மிருதி, கட்டணம் இல்லை. அன்றைய பிர்லா வீடு. காந்தி தன் கடைசி 144 நாட்களை இங்கே கழித்தார். 1948 ஜனவரி 30 மாலை, அறையிலிருந்து பிரார்த்தனை மேடைக்கு நடந்த வழி முழுவதும் பாதச்சுவடுகளாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் சுவடுகள் நின்றுவிடும். நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன், அந்த இடம் வரும்போது பேச்சு தானாக நின்றுவிடுகிறது. உங்கள் ஊரில்தான் அவர் 1921 செப்டம்பரில் மேல்சட்டையைத் துறந்தார். அன்று ஜனவரி மாலை உடுத்தியிருந்த துணியின் ரத்தம் படிந்த ஒரு பகுதி மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அங்கே கூட்டிப்போங்கள். பிறகு இந்தப் பாதையில் நடக்கட்டும்.

மதியம் தேசிய அருங்காட்சியகத்தில் சிந்துவெளிப் பகுதி. மொகஞ்சதாரோ நடன மங்கை பத்துச் சொச்சம் சென்டிமீட்டர்தான், பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துப் பெரிதாக எதிர்பார்த்து வருகிறவர்கள் கண்ணாடிப் பெட்டியைக் கடந்து போய்விடுவார்கள். கீழடி அருங்காட்சியகம் பார்த்த பிள்ளை என்றால் இங்கே கேள்விகள் நிறைய வரும். நேரம் மிஞ்சினால் ஜந்தர் மந்தர், 1724-ல் இரண்டாம் ஜெய்சிங் கட்டிய வானியல் கூடம்.

தாமரைக் கோயிலும் அக்ஷர்தாமும் இந்தப் பட்டியலில் இல்லை. இரண்டுமே நன்றாக இருக்கும், ஆனால் க்யூவிலேயே அரை நாள் போய்விடும். அக்ஷர்தாமில் போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். அம்மா கோயில் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கு வேறு இடம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

சில எச்சரிக்கைகள். ரயில் நிலையப் பக்கமோ கன்னாட் பிளேஸிலோ யாராவது வந்து, நீங்கள் போகும் இடம் இன்று மூடியிருக்கிறது, அரசு சுற்றுலா அலுவலகம் இங்கே இருக்கிறது என்று அழைத்தால் போகாதீர்கள். என் சித்தப்பா அப்படி ஒரு போலி அலுவலகத்தில் உட்கார்ந்து பெரிய தொகை இழந்திருக்கிறார். தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, மகளுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். மற்றவர்களுக்கு இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். மதியம் சுள்ளென்று இருந்தாலும் பிப்ரவரி காலையும் இரவும் குளிரும். ஸ்வெட்டர், காதுக்கு மஃப்ளர் கட்டாயம்.

சனி மாலை பெட்டிகளோடு டாக்ஸி எடுத்து, விமான நிலையம் போகும் வழியில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு வந்துவிடுங்கள். சிறு குன்றின் மேல் சுவாமிநாதசுவாமி, 1973-ல் குடமுழுக்கு ஆன கற்கோயில். வெளியே பெரிய எழுத்தில் ‘யாமிருக்கப் பயமேன்’ என்றிருக்கும். நான்கு நாள் இந்தி கேட்ட காதுக்கு அந்தத் தமிழ் எழுத்தே பாதி பிரசாதம். குன்றில் முருகன், கீழே சுந்தரேசுவரரும் மீனாட்சியும், அந்தச் சன்னிதிகள் பாண்டியர் பாணியில் கட்டியவை. அம்மாவால் படியேற முடியாவிட்டால் கீழேயே மீனாட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். ஏழரைக்குள் கிளம்பிவிடுங்கள், சனி இரவு விமான நிலையச் சாலையில் நெரிசல் இருக்கும்.